அதிகாரிக்குப் பாடம் சொன்ன கதை



அரசாங்க அலுவலகத்தின் படி ஏறாதவர் நம்மில் எவரும் இலர். பிறப்புப் பத்திரம் வேண்டுமென்று பதிவிலாகாவுக்குப் போகிறோம். நிலவரி கட்ட நில அலுவலகத்துக்குப் போகிறோம். சம்பளத் தகராறு என்றால் தொழில் இலாகாவின் கதவைத் தட்டுகிறோம். அங்கே மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் இளைஞர் நம்மை நிமிர்ந்து பார்க்கிறார். "இது எங்கள் வேலை இல்லை, வேறு இலாகாவுக்குப் போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அல்லது ஒரு பாரத்தை எடுத்து நீட்டி, எதை எங்கே எழுதவேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுகிறார். இவ்விரண்டில் எது நடக்கும் என்பது பாதி அவருடைய குணத்தைப் பொறுத்தது. மறு பாதி, அவருக்கு என்ன கற்பிக்கப்பட்டது, எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

மருத்துவம் படித்தவரே மருந்து கொடுக்கிறார். சட்டம் படித்தவரே நீதிமன்றத்தில் வாதாடுகிறார். ஆனால் ஒரு மாவட்டத்தையே நடத்துகின்ற அதிகாரி எதைப் படித்திருக்க வேண்டும்? இன்று நம் பல்கலைக்கழகங்களில் 'பொது நிர்வாகம்' என்ற பெயரில் ஒரு பாடம் இருக்கிறது. அதைச் சீர்ப்படுத்த வேண்டும் என்ற பேச்சும் அடிக்கடி எழுகிறது. அப்பேச்சு இங்கே எவ்வளவு பழையது என்பதைத்தான் இன்றைய உரையில் நாம் பார்க்கப் போகிறோம். கதை 1819-ஆம் ஆண்டில் தொடங்குகிறது.

அவ்வாண்டு பிப்ரவரியில் ராபிள்ஸ் சிங்கப்பூரில் கொடி ஏற்றினார். அதே ஆண்டில், அங்கே ஒரு கல்லூரி நிறுவ வேண்டுமென்று நீண்ட குறிப்பொன்றையும் எழுதினார். இந்நாட்டு உயர்குடிப் பிள்ளைகளுக்குக் கல்வி தருவது அதன் முதல் நோக்கம். கும்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு இவ்வட்டார மொழிகளைக் கற்பிப்பது இரண்டாம் நோக்கம். சிதறிக் கிடக்கும் இலக்கியங்களையும் மரபுச் செய்திகளையும் திரட்டுவது மூன்றாம் நோக்கம். இரண்டாவதைக் கவனியுங்கள். ஆள வந்தவன் முதலில் மாணவனாக உட்கார்ந்து, ஆளப்படுவோரின் பேச்சைக் கற்க வேண்டும் என்கிறார். 1823-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவர் கப்பலேறிய பின் வேலை நின்றது. அடுத்து வந்த கிராபர்ட், முதலில் ஆரம்பக் கல்விதான் தேவை என்று கருதினார். கட்டடம் அரைகுறையாகவே பல ஆண்டுகள் நின்று, 1837-இல்தான் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடம் அதில் குடியேறியது. அதுவே பின்னாளில் புகழ்பெற்ற ராபிள்ஸ் கல்விநிலையம். ஆனால் உத்தியோகஸ்தருக்கு மொழி கற்பிக்கும் நோக்கம் அங்கே முளைக்கவேயில்லை.

ராபிள்ஸின் எண்ணம் அன்று புதியதன்று. கல்கத்தாவில் வெல்லெஸ்லி 1800-ஆம் ஆண்டிலேயே வில்லியம் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கியிருந்தார். சென்னையில் 1812-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டது. சென்னைக் கல்லூரி தமிழர்களாகிய நமக்கு மிகவும் நெருக்கமானது. ஆகவே அங்கே சற்று நின்று போவோம்.

அதனை உருவாக்குவதில் முன்னின்றவர் எல்லிஸ் துரை. திருக்குறளின் ஒரு பகுதிக்கு ஆங்கிலத்தில் உரை எழுதியவர் என்று நம் புலவர்கள் இன்றும் நன்றியோடு நினைக்கும் அதே எல்லிஸ்தான். இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய இளம் உத்தியோகஸ்தர்கள் அக்கல்லூரியில் தமிழும் தெலுங்கும் பிறவும் படித்துத் தேறினால்தான் மாவட்டப் பணிக்குச் செல்லலாம். பாடம் சொன்னவர்கள் நம் புலவர்கள். தலைமைத் தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார், மாணவர்கள் எளிய உரைநடையில் படிக்க ஒரு நூல் வேண்டும் என்பதற்காகப் பஞ்சதந்திரக் கதைகளை மராத்தியிலிருந்து தமிழாக்கினார். 1826-இல் அது அச்சாயிற்று. தமிழ் உரைநடை வரலாற்றைச் சொல்வோர் எவரும் அந்நூலை விட்டுவிட்டுச் செல்வதில்லை. தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று எல்லிஸ் 1816-இல் எழுதியதும் அக்கல்லூரிப் பணியின் ஊடேதான். அதிகாரிகளுக்குப் பாடம் சொல்லப் போய், ஒரு மொழிக் குடும்பமே அடையாளம் காணப்பட்டது என்றால் வியப்பாக இல்லையா?

இதையெல்லாம் கேட்டு, கும்பெனியார் நல்லெண்ணத்தால் உருகியே தமிழ் படித்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வரி வசூலிக்கவும் வழக்குத் தீர்க்கவும் மொழி தேவைப்பட்டது. துபாஷிகளை நம்பிக் கிடக்க அவர்களுக்கு விருப்பமில்லை. நோக்கம் எதுவாயினும், மனுவோடு வந்து நிற்கும் குடியானவன் என்ன சொல்கிறான் என்பதை அதிகாரி தன் காதால் கேட்டே தீரவேண்டும் என்ற விதி அங்கே இருந்தது.

இதற்கிடையில் இங்கிலாந்திலேயே கும்பெனியார் ஒரு கல்லூரி நடத்தி வந்தனர். 1806-இல் தொடங்கி, 1809 முதல் ஹெய்லிபரி என்னுமிடத்தில் நடந்த கல்லூரி அது. மக்கள் தொகை பற்றி எழுதி உலகையே அச்சுறுத்திய மால்தூஸ் அங்கே அரசியல் பொருளாதாரம் கற்பித்தார். கீழை மொழிகளும் சட்டமும் வரலாறும் உடன் இருந்தன. ஆனால் அக்கல்லூரியில் சேர வேண்டுமானால் கும்பெனி இயக்குநர் ஒருவரின் சிபாரிசு வேண்டும். மாமன் மச்சான் உறவில்லாதவனுக்கு அங்கே இடமில்லை. 1853-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சிபாரிசு முறையை ஒழித்துப் போட்டித் தேர்வைக் கொண்டு வந்தது. சிபாரிசு போனது நல்லதே. ஆனால் அதனோடு சேர்ந்து ஹெய்லிபரியும் மூடப்பட்டது. சென்னைக் கல்லூரியும் 1854-இல் முடிவுக்கு வந்தது.

புதிய கொள்கையை வகுத்தவர்களுள் மெக்காலே முக்கியமானவர். ஆட்சிப் பணிக்கு வருகிறவன் முதலில் சிறந்த பொதுக்கல்வி பெற்றிருக்க வேண்டும். கிரேக்கம், லத்தீன், கணிதம் எதுவாயினும் அதில் முதல்வனாக நிற்பவனுக்கு நிர்வாகத்தைப் பிறகு கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும், பல்கலைக்கழகம் நிர்வாகத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் இங்கிருந்துதான் வேரூன்றியது. அது ஏறக்குறைய நூறாண்டுக் காலம் நம் மலாயாவையும் ஆண்டது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போட்டித் தேர்வில் வென்ற பட்டதாரிகள், 'கேடட்' என்ற பெயரில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வந்திறங்கினர். கையில் ஆக்ஸ்போர்டு அல்லது கேம்பிரிட்ஜ் பட்டம் இருக்கும். மலாய் ஒரு வார்த்தை தெரியாது. மாவட்ட அதிகாரி ஒருவருக்கு அருகிலிருந்து வேலை பழக வேண்டும். சட்டத்திலும் மலாய் மொழியிலும் தேறாமல் பதவி உயர்வு கிடையாது. சிலர் சீனம் கற்கச் சீனத்துக்கு அனுப்பப்பட்டனர். வேறு சிலர் தமிழ் கற்கத் தென்னிந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். இந்த ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். வெள்ளைக்கார அதிகாரி தோட்டத்து லயத்தில் நின்று தமிழில் கேள்வி கேட்டார் என்று நம் பெரியவர்கள் சொல்வது கட்டுக்கதை அல்ல.

ஆனால் அதே அலுவலகத்தின் மறு மூலையைப் பாருங்கள். அங்கே யாழ்ப்பாணத் தமிழரும், தென்னிந்தியரும், சீனரும், யுரேஷியரும் குமாஸ்தாக்களாக உட்கார்ந்திருந்தனர். கோப்பு எங்கே கிடக்கிறது, எந்த விதிக்கு எந்த விலக்கு உண்டு, சென்ற தடவை இதே மாதிரி மனுவுக்கு என்ன பதில் போயிற்று என்பதெல்லாம் பெரிய குமாஸ்தாவுக்கே தெரியும். இருந்தும் அவர் மேலே வர வழியில்லை. 1904-இல் வந்த விதி, தாய் தந்தை இருவழியிலும் தூய ஐரோப்பிய வம்சத்தவரே அந்தத் தேர்வுக்கு வரலாம் என்று கதவைச் சாத்தியது. மலாய்க்காரருக்கென 1905-இல் கோலகங்சாரில் கல்லூரி ஏற்பட்டு, 1910-இல் மலாய் நிர்வாகச் சேவை வகுக்கப்பட்டது; அதுவும் மேல்நிலைச் சேவைக்குக் கீழேயே வைக்கப்பட்டிருந்தது. ஆக, பாடம் பெற்றவன் ஒருவன்; வேலை தெரிந்தவன் வேறொருவன். இருவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. நம் நிர்வாகக் கல்வி இழந்த முதற்பொருள் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

இனி அமெரிக்கா. அங்கே கதை வேறு விதமாக நடந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்னாளில் ஜனாதிபதியான உட்ரோ வில்சன், 1887-இல் நிர்வாகத்தைத் தனிப் பாடமாகப் படிக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1924-இல் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ்வெல் கல்லூரி தோன்றியது. 1926-இல் லெனார்ட் ஒயிட்டின் பாடநூல் வந்தது. 1937-இல் கூலிக் என்பவர் நிர்வாகியின் வேலைகள் ஏழு என்று சொல்லி, அவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து ஒரு சொல்லையே உண்டாக்கிவிட்டார். திட்டமிடல், அமைத்தல், ஆள் சேர்த்தல், ஏவுதல், இணைத்தல், அறிக்கை தருதல், வரவு செலவு வகுத்தல் என்பன அவ்வேழு. உலகெங்கும் பொது நிர்வாக மாணவர்கள் அதை மனப்பாடம் செய்தனர். இன்னும் செய்கின்றனர்!

அமெரிக்கரிலேயே சிலருக்கு இது போதவில்லை. 1947-இல் ராபர்ட் டால் என்ற அறிஞர், ஒரு நாட்டில் கண்ட நிர்வாக விதியை அந்த மண்ணின் சூழலை மறந்து எங்கும் பொருந்தும் விதியாக்க முடியாது என்று எழுதினார். 1952-இல் ஹெரால்டு ஸ்டீன் தொகுத்த நூல் வேறொரு வழியைக் காட்டியது. கோட்பாட்டைச் சொல்லாமல், உண்மையில் நடந்த ஒரு முடிவை எடுத்துக்கொண்டு, யார் என்ன சொன்னார்கள், எந்தக் கடிதம் எப்போது வந்தது, எங்கே தவறிற்று என்று கதையாகவே எழுதி வகுப்பில் வைப்பது அம்முறை. மருத்துவ மாணவன் நோயாளியின் படுக்கையருகே நின்று படிப்பது போன்றது அது.

அதே 1952-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் துணையோடு பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகக் கழகம் தொடங்கிற்று. அமெரிக்கப் பாடநூல் ஆசியாவில் கால் வைத்தது. தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் ஆய்வு செய்த பிரெட் ரிக்ஸ், 1964-இல் தம் நூலில் ஒரு செய்தியை எடுத்துரைத்தார். ஏட்டில் ஒரு விதி இருக்கும், நடப்பில் வேறொன்று இருக்கும். இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளக்காமல் எங்கள் நூல்களை இங்கே கற்பிப்பது பயன் தராது என்பது அதன் சாரம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் எப்போதோ சொன்னதுதான்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1957-இல் சுதந்திரம் வந்தது. வெள்ளை அதிகாரிகள் ஒவ்வொருவராக விடைபெற, அவர்கள் நாற்காலிகளில் உள்நாட்டவர் அமர வேண்டிய அவசரம் ஏற்பட்டது. அரசாங்கம் போர்ட்டிக்சனில் ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கிப் பின்னர் பெட்டாலிங் ஜெயாவுக்கு மாற்றியது. ஆனால் அக்காலத்தில் நிர்வாகம் மெய்யாகவே கற்பிக்கப்பட்ட வகுப்பறை அதுவன்று. அது துன் அப்துல் ரசாக்கின் நடவடிக்கை அறை.

1948 முதல் 1960 வரை அவசரகாலம் நடந்தபோது, இராணுவத்தாரும் போலீசாரும் ஒரே அறையில் கூடி, சுவரில் வரைபடம் மாட்டி, நாள்தோறும் நிலைமையைக் கணக்கிட்டனர். ரசாக் அந்த முறையை அப்படியே எடுத்துக் கிராம மேம்பாட்டுக்குத் திருப்பினார். 1960 முதல் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பெரியதொரு சிவப்புப் புத்தகம் அனுப்பப்பட்டது. அதிலே மாவட்ட வரைபடம். அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கும் மெல்லிய தாள்கள். சாலைக்கு ஒரு தாள், குடிநீருக்கு ஒரு தாள், நீர்ப்பாசனத்துக்கு ஒரு தாள், பள்ளிக்கூடத்துக்கு ஒரு தாள். மாவட்ட அதிகாரி, பொதுப்பணி இலாகா, வடிகால் நீர்ப்பாசன இலாகா, விவசாய இலாகா ஆகியவற்றின் அலுவலர்கள், மக்கள் பிரதிநிதிகள் அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதை நிரப்ப வேண்டும். "அது அந்த இலாகாவின் வேலை" என்று நழுவ இடமில்லை, ஏனெனில் அந்த இலாகாக்காரர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். துணைப் பிரதமராக இருந்த ரசாக் மாவட்டம் மாவட்டமாகச் சென்றார். அதிகாரி வரைபடத்தின் முன் எழுந்து நின்று, எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்று விளக்க வேண்டும். வியர்வை வழிய நின்ற அந்த அரைமணி நேரத்தில் பலர் கற்றதை எந்தப் பேராசிரியராலும் கற்பித்திருக்க முடியாது.

இந்த வகுப்பறையில் பல்கலைக்கழகம் இல்லை. அந்தக் குறையை 1966-ஆம் ஆண்டு நிரப்ப முயன்றது. அமெரிக்க அறிஞர்களான மாண்ட்கோமரி, எஸ்மன் இருவரும் நம் நிர்வாகத்தை ஆய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை தந்தனர். அதன்படி பிரதமர் துறையில் வளர்ச்சி நிர்வாகப் பிரிவு ஏற்பட்டது. பயிற்சியை வலுப்படுத்தும் வேலையும் தொடங்கிற்று. அதே ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார நிர்வாகப் புலம் தோன்றியது. உங்கு அஸீஸ் அதன் முதல் தலைவர். பழைய பயிற்சி நிலையம் 1972-இல் 'இந்தான்' என்னும் தேசியப் பொது நிர்வாகக் கழகமாக உருமாறியது. அதிகாரிகள் மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்றனர். திரும்பி வரும்போது புதிய உத்திகளையும் கொண்டு வந்தனர். திட்டத்தோடு வரவு செலவை இணைக்கும் முறை 1969-இல் இங்கே புகுத்தப்பட்டது. உத்திகளில் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. கணக்கு இல்லாமல் நாடு நடவாது. ஆயினும் ரசாக்கின் மேசையில் இருந்த வரைபடம், வகுப்பறைக்குள் வந்தபோது கோடும் கட்டமுமான ஒரு சித்திரமாக மாறிவிட்டது.

அந்த வரைபடத்திலேயே ஒரு பெரிய குறை இருந்தது. அதைப் பேசாமல் நாம் இந்த உரையை நடத்த இயலாது.

கிராமங்கள் அதில் தெளிவாக இருந்தன. ரப்பர் தோட்டங்களும் இருந்தன. ஆனால் அவை தனியார் நிலம். கிராம மேம்பாட்டுப் பணம் தனியார் நிலத்துக்குள் செல்லாது. சாலை வந்து தோட்டத்து வாசலில் நின்றுவிடும். லயத்துக்குத் தண்ணீரும் வீடும் தர வேண்டியவர் முதலாளி. அதைச் சோதிக்க வேண்டியது தொழில் இலாகா. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கத் தோட்டத்தாரைக் கட்டாயப்படுத்தியது 1923-ஆம் ஆண்டுத் தொழில் சட்டம். பின்னர் அப்பள்ளிகள் கல்வி அமைச்சின் பார்வைக்குள் வந்தன, நிலம் தோட்டத்தாருடையதாகவே இருந்தது. நிலம் மாநில அரசின் அதிகாரம். தொழிலும் கல்வியும் குடியுரிமையும் மத்திய அரசின் அதிகாரம். ஒவ்வொரு இலாகாவும் தன் விதிப்படி சரியாகவே நடந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் லயத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடையைக் கட்ட ஒருவரும் இருக்கமாட்டார். கெட்ட அதிகாரி எவரும் இல்லாமலே மக்கள் விடுபட்டுப் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நமக்குத் தெரியவில்லை.

1968-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாயிற்று. சிறு குழந்தையாகக் கப்பலில் வந்து, நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒருவர், மனுச் செய்யவேண்டிய காலத்தில் அதன் அவசியம் தெரியாமல் இருந்துவிட்டார். அவருக்கு இப்போது வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். இத்தகையோர் பலர் தமிழகத்துக்குத் திரும்பினர் என்பதை வரலாறு அறியும். நேயர்களில் சிலருக்கு அது குடும்பக் கதையாகவே இருக்கும். அவர் முன் உட்கார்ந்திருந்த இளம் அதிகாரிக்கு விதி தெரியும். எங்கே தன் விவேகத்தைப் பயன்படுத்தலாம், எங்கே மேலதிகாரிக்கு எழுதி விளக்கம் கேட்கலாம், எதைச் செய்தால் அந்த மனிதர் தம் உரிமையை இழக்காமல் இருப்பார் என்பதை யார் கற்பித்தார்கள்?

சிங்கப்பூரிலே இதே கேள்விக்கு வேறொரு விடை தேடினார்கள். 1959-இல் சுயாட்சி வந்து லீ குவான் யூ பிரதமரானதும், ஆகஸ்ட் 15-ஆம் நாள் குட்வுட் குன்றில் அரசியல் ஆய்வு நிலையம் ஒன்றைத் திறந்தார். மூத்த அதிகாரிகள் மாணவர்களாக அங்கே போய் உட்கார்ந்தனர். தங்களைச் சுற்றியுள்ள சீன, மலாய், தமிழ் மக்களின் வறுமையும் கோபமும் எங்கிருந்து வருகின்றன, பொதுவுடைமைக் கட்சிக்கு ஆதரவு ஏன் பெருகுகிறது என்பதை ஆங்கிலம் படித்த அந்த அதிகாரிகள் அறிந்திருக்கவில்லை. ஜார்ஜ் தாம்சன் என்பவர் தலைவராக இருந்து வகுப்புகளை நடத்தினார். 1969-இல் நிலையம் மூடப்பட்டது.

அந்நிலையத்தைப் புகழ்வோர் உண்டு. அது ஆளுங்கட்சியின் கருத்தை அதிகாரிகளுக்கு ஊட்டிய இடம் என்பாரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. அரசாங்கம் தன் ஊழியருக்கு நடத்தும் வகுப்பில், அரசாங்கத்தின் முடிவே தவறாக இருந்தால் என்ன என்ற கேள்வி எழாது. அக்கேள்வியை அச்சமின்றி எழுப்பக்கூடிய இடம் பல்கலைக்கழகம் ஒன்றே. விதியைக் கற்பிக்கப் பயிற்சிக் கழகம் போதும். விதி யாரை விட்டுவிட்டது என்று கேட்கப் பழக்குவது பல்கலைக்கழகத்தின் வேலை. இரண்டும் ஒன்றின் பாடத்தை ஒன்று திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால் ஒன்று மிகையாகிவிடும்.

அதன்பின் கல்விக்கூடங்கள் பெருகின. 1984-இல் வட மலேசியப் பல்கலைக்கழகம் நிர்வாகக் கல்வியையே மையமாக வைத்து எழுந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 1992-இல் ஹார்வர்டின் ஒத்துழைப்போடு பொதுக் கொள்கைப் பட்டம் தரத் தொடங்கி, 2004-இல் அதற்கெனத் தனிக் கல்லூரியே கண்டது. பட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் மாணவரின் விடைத்தாளில் இன்னும் முன்வரிசையில் நிற்பவை வில்சனின் ஆண்டும் கூலிக்கின் ஏழு எழுத்துகளும்தான் என்றால், ராபர்ட் டால் 1947-இல் சொன்னது நம் காதில் விழவில்லை என்றே பொருள்.

என்ன செய்யலாம்? பெரிய பணம் தேவைப்படாத சிலவற்றை மட்டும் சொல்கிறோம். கோலாலம்பூரில் தேசியப் பழஞ்சுவடி நிலையம் இருக்கிறது. சிலாங்கூர் அரசுச் செயலகத்தின் பழைய கோப்புகள் அங்கே கட்டுக் கட்டாக உள்ளன. ஒரு மனு வந்த நாள், அதன்மேல் ஓர் அதிகாரி எழுதிய குறிப்பு, அதற்கு அடுத்தவர் எழுதிய மறுப்பு, கடைசியில் மேலிடத்தின் இரண்டு சொல் முடிவு என எல்லாம் ஒரே கோப்பில் கிடைக்கும். ஒரு மாணவர் ஒரு பருவத்தில் ஒரே ஒரு கோப்பை முழுமையாகப் படித்து வந்தால் போதும். முடிவு எவ்வாறு பிறக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுவிடுவார்.

ஓய்வு பெற்ற தலைமைக் குமாஸ்தா ஒருவரை வாரம் ஒரு நாள் வகுப்புக்கு அழைக்கலாம். அவருக்குப் பட்டம் இருக்காது. அதனால் பல்கலைக்கழக விதி இடந்தராது என்பார்கள். அவ்விதியை மாற்றுவதையே மாணவர்களுக்கு முதல் பயிற்சியாகத் தரலாம்!

மொழியும் அப்படியே. தேசிய மொழியில் நிர்வாகம் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். ஆனால் தோட்டத்துப் பாட்டியிடம் நாலு வார்த்தை தமிழிலும், புதுக்கிராமத்து முதியவரிடம் நாலு வார்த்தை சீனத்திலும் கேட்கத் தெரிந்த அதிகாரி, ஒரு பாரத்தில் விழும் பத்துப் பிழைகளைத் தடுப்பார். அந்நிய கேடட்டுக்குக் கட்டாயமாக இருந்தது, சொந்த நாட்டு மாணவருக்கு விருப்பப் பாடமாகக்கூட இல்லாமற் போகலாமா?

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் மண்ணில் நடந்தவை பாடங்களாக எழுதப்பட வேண்டும். தோட்டம் ஒன்று வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்படும்போது நேர்வதை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களுக்குப் பின் நகரங்களை ஒட்டிய தோட்டங்களில் இது மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது. ரப்பர் நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும். தொழிலாளர் வீட்டைப் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வேலை இருக்கும்வரைதான் பேசும். வேலை முடிந்த மறுநாள் லயத்து வீடு யாருடைய கவலை? இதை வகுப்பில் நடத்த ஒரு மேசையும் ஐந்து நாற்காலிகளும் போதும். ஒரு மாணவர் மாவட்ட அதிகாரி. ஒருவர் நில அலுவலர். ஒருவர் தொழில் இலாகா. ஒருவர் புதிய முதலாளியின் வழக்கறிஞர். நால்வருக்கும் தடித்த கோப்பு ஒவ்வொன்று கொடுக்கப்படும்.

ஐந்தாவது நாற்காலி முப்பது ஆண்டுகள் அந்த லயத்தில் குடியிருந்தவருடையது. அதில் உட்காரும் மாணவரிடம் கோப்பு எதுவும் தரவேண்டாம். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஒரு பக்கக் கடிதத்தை மட்டும் கொடுத்து, யாரிடம் முதலில் போவது என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள்.